பெரிய வீட்டின் பசி

ஆவிடைக்குளத்துப் பெரிய வீட்டுக்குள் காலெடுத்து வைத்த விருந்தாளி எவரும் வாய் நனைக்காமல் திரும்பிப் போனதில்லை. வீட்டுக்காரர்கள் இருந்தவரை அது அவர்கள் நாலு ஊருக்குச் சொல்லிக்கொண்ட பெருமை; வீட்டுக்காரர்கள் செத்தும் சிதறியும் போய், அரசாங்கம் வீட்டை எடுத்து வெள்ளையடித்து, தூணுக்குத் தூண் எண் போட்டு, அருங்காட்சியகம் என்று பலகை மாட்டிய பிறகு, அது வீட்டின் சொந்தப் பிடிவாதமாகிவிட்டது. ஏனென்றால் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகையும் மாட்டினார்கள்: உள்ளே உணவும் தண்ணீரும் கூடாது.

திறந்து வைக்க வந்த அதிகாரிதான் முதலில் மாட்டிக்கொண்டார். ரிப்பனை வெட்டி, பல்லக்கையும் நெல் பத்தாயத்தையும் பார்த்துத் தலையாட்டி, காரில் ஏறி, குளத்தங்கரையைத் தாண்டி, காற்றாலைகளைத் தாண்டி, நாற்கரச் சாலையில் ஏறினவர், ஏறின வேகத்திலேயே பெரிய வீட்டு வாசலில் வந்து நின்றார். டிரைவரைத் திட்டிவிட்டு மறுபடி கிளம்பினார், மறுபடி வந்தார். வேறு டிரைவர், வேறு கார், வேறு சாலை என்று மாற்றி மாற்றிப் போய், மாற்றி மாற்றி வந்து, கடைசியில் முற்றத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தி இரக்கப்பட்டு, முந்தியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை அவர் வாயில் போட்டாள். அதற்கப்புறம் கிளம்பினவர் ஒரே ஓட்டமாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஊர் இதை மழை பெய்வதை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. கூடாது என்ற பலகையைக் கழற்ற வேண்டுமானால் மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்து எழுத வேண்டும். வந்து பார்த்த ஆளோ கருப்பட்டியைத் தின்றுவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதினார். ஆகவே பலகையும் இருந்தது, அடுக்களையில் ஒரு மண்தட்டில் கருப்பட்டியும் இருந்தது. தட்டுக்கு மேலே ‘அக்கால இனிப்பு, தொட்டுப் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தது. மினி பஸ் கண்டக்டர் “பெரிய வீட்டுக்குப் போனியளா, வாய் நனைச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆளை ஏற்றினார், நனைக்காத ஒருவர் ஏறினாலும் பஸ் முழுசும் திரும்பி வந்துவிடும். துபாய்க்குப் போயே தீருவேன் என்று நின்ற மகனை அவன் அம்மா பழைய கட்டில் பார்க்கலாம் வா என்று உள்ளே கூட்டிப் போய், ஒன்றும் தின்னக் கொடுக்காமல் சிரித்த முகமாக வழியனுப்பி வைத்தாள். பெண் பார்த்துவிட்டு, போய்ப் போன் பண்ணுகிறோம் என்று நழுவப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாரை முதலில் பெரிய வீட்டைச் சுற்றிக் காட்டிவிடுவது வழக்கமாயிற்று. ஒரு சங்கிலித் திருடனைக்கூட ஊர் இப்படித்தான் பிடித்தது. வீட்டுக்குள் விரட்டிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

இந்த ஊரில்தான் ஒருநாள் மத்தியானம் இசக்கியம்மாள் வந்து இறங்கினாள், அதுவும் தூக்கத்தில்.

இசக்கியம்மாள் அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அவள் புருஷன் மாசானம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விருதுநகரிலிருந்து நாகர்கோவிலுக்கு, மகள் பொற்கொடியின் வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தாய்வீட்டுச் சோறு வந்து இறங்கிய பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சியின் கையில் வளையல் ஏறும், அதுவும் விளக்கு வைக்குமுன் ஏறிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்காக இசக்கியம்மாள் கோழி கூவுமுன் எழுந்து புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் தயிர்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் கிண்டித் தூக்குச்சட்டிகளில் அடைத்து, வாழையிலைக் கட்டோடு காரின் பின்னால் அடுக்கி, கண்ணாடி வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

மாசானத்துக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு வியாதி. சாலையோரத்தில் பழைய கோட்டை, பழைய கல்லறை, பழைய மாளிகை என்று எந்தப் பலகை தெரிந்தாலும் ஸ்டியரிங் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பலகைகளை நிற்காமல் தாண்டித் தாண்டிப் போனவர், இப்போது ஒவ்வொன்றாக நின்று பார்த்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலேயே ஒரு பீரங்கிக்கும் ஒரு சத்திரத்துக்கும் நேரம் போயிருந்தது; இரண்டு தடவையும் இசக்கியம்மாள் விழித்துத் திட்டிவிட்டு மறுபடி தூங்கியிருந்தாள்.

வண்டி நின்றதும் இசக்கியம்மாள் கண் விழித்தாள்.

“நாகர்கோவில் வந்துட்டா?”

“இது ஆவிடைக்குளம்ட்டி. பெரிய வீடுன்னு போட்டிருக்கான். சும்மா ஒரு எட்டு.”

“உங்க பீரங்கியில தலையைக் கொடுத்து வெடிக்க!” என்று ஆரம்பித்தவள் ஊர்ப் பெயர் காதில் ஏறியதும் நிறுத்திக்கொண்டாள். அந்த ஊரையும் அந்த வீட்டையும் அவளுக்குத் தெரியும், பார்த்ததில்லை என்றாலும். அது அவள் அம்மா பிறந்த ஊர். அந்த வீட்டைப் பற்றி அவள் அம்மா ஒரே ஒரு கதைதான் சொல்லியிருந்தாள், அதை இசக்கியம்மாள் புருஷனிடம் இதுவரை சொன்னதில்லை; நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் கதையாக அது அவளுக்குப் படவில்லை. காரை விட்டு இறங்கவே வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கழிப்பறை உள்ளே, கொல்லைப்புறத்தில் இருந்தது. வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தவளுக்கு வேறு வழி இல்லை.

முன்வாசல் வழியாகப் போனாள். விருந்துக்கூடம் வந்தது, முற்றம் வந்தது, அடுக்களை வந்தது, கொல்லைவாசல் வந்தது. கொல்லைவாசலில் உயரமான கல்படியும், அதற்குக் கீழே தேய்ந்துபோன தரையும் இருந்தன. இசக்கியம்மாள் படியை ஒருமுறை பார்த்தாள், தரையை ஒருமுறை பார்த்தாள்; போன காரியத்தை முடித்துக்கொண்டு, முகத்தைக்கூடக் கழுவாமல் திரும்பி வந்தாள்.

டிக்கெட் கொடுக்கும் வடிவு மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “கருப்பட்டி எடுத்துக்கிட்டியளா அக்கா?”

“வேண்டாம். சுகர் இருக்கு.”

“சுகர்க்காரவியளுக்குச் சீரகத் தண்ணி வச்சிருக்கோம்.”

“தாகம் இல்ல.”

“அப்பத் திரும்பி வருவிய” என்றாள் வடிவு, வருத்தமும் இல்லாமல் கேலியும் இல்லாமல், அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டே. “நான் இங்கனதான் இருப்பேன். வாங்க.”

குளத்தங்கரை போயிற்று, காற்றாலைகள் போயின, நாற்கரச் சாலை வந்தது, பெரிய வீடு வந்தது.

“சர்வீஸ் ரோட்டுல ஏறிட்டேன்போல” என்றார் மாசானம்.

மறுபடி குளத்தங்கரையும் காற்றாலைகளும் போயின. இந்தத் தடவை சர்வீஸ் ரோடு பக்கமே போகவில்லை. சாலையின் வெள்ளைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரிய வீடு வந்தது. “வாழ்நாள் பூரா ரூட் பஸ் ஓட்டினவன்ட்டி நான். என் கைக்கு ரோடு தப்புமா?” என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். கோபித்துக்கொண்டு ரிவர்ஸ் கியரில் போய்ப் பார்த்தார்; காரின் பின்பக்கம் முதலில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடிவு வெளியே வந்து விவரம் சொன்னாள். மாசானம் அப்போதே கருப்பட்டி தின்றிருந்தார், இன்னொன்றைப் பையிலும் போட்டு வைத்திருந்தார். ஆகவே காரைத் திருப்பிக்கொண்டு வருவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“ஒரு சில்லு கருப்பட்டிதான, உள்ள போய்த் தின்னுட்டு வந்திரேன் இசக்கி. நேரம் ஆகுதுல்லா.”

“தின்ன மாட்டேன்.”

“என்னத்துக்கு?”

“மாட்டேன்னா மாட்டேன்.”

அப்போது போன் அடித்தது. “அம்மா, எங்க வாரிய? அத்தை கேட்டுக்கிட்டே இருக்காவ” என்றாள் பொற்கொடி. “வந்துக்கிட்டே இருக்கோம்” என்று இசக்கியம்மாள் சொன்னாள். அது பொய்யும் இல்லை, காலையிலிருந்து அவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

வீட்டுக்கும் இது புதிதாக இருந்தது. தெரியாமல் வெறும் வயிற்றோடு போனவர்களைத்தான் அது இதுவரை திருப்பியிருந்தது. தெரிந்தே வேண்டாம் என்கிறவளை அது கண்டதில்லை. அதனால் அதற்கும் எரிச்சல் ஏறி, அடுத்த முறை அவள் காரை மட்டும் திருப்பாமல், காருக்குப் பின்னால் வந்த மினி பஸ்ஸையும், மினி பஸ்ஸுக்குப் பின்னால் மீன்பெட்டியோடு வந்த மோட்டார் சைக்கிளையும், வைக்கோல் டிராக்டரையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டு முன்னால் திருவிழாக் கூட்டம் கூடிவிட்டது. திருவிழாவின் சந்தோஷம் மட்டும் இல்லை.

“அக்கா, கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிருங்க” என்றார் கண்டக்டர். “மாத்திரைன்னு நினைச்சுக்கிடுங்க. நீங்க நர்சுதான?”

“என் சாளை மீன் நாறுதும்மா” என்றார் மீன்காரர். “பெரிய வீட்டுப் பிடிவாதத்துக்கு மேல உங்க பிடிவாதமால்லா இருக்கு.”

“அண்ணாச்சி, நீங்க தனியாப் போலாம்” என்று ஒருவர் மாசானத்துக்கு வழி சொன்னார். “சோத்தையும் வளையலையும் கொண்டு போய்ச் சேத்துட்டு, அவியளைப் பிறவு வந்து கூட்டிக்கிடுங்க.”

இசக்கியம்மாள் அதைக் கேட்டு வளையல் பெட்டியை நீட்டினாள். “போங்க. பிள்ளை காத்துக்கிட்டிருக்கும். இருட்டுறதுக்குள்ள போட்டிரச் சொல்லுங்க.”

மாசானம் பெட்டியைப் பார்த்தார், வாங்கவில்லை. “டயர் வெடிச்சு நின்னப்பக்கூட நான் பாசஞ்சரை நடுரோட்டுல விட்டுட்டுப் போனதில்ல” என்றார். “நீ ஏன் தின்ன மாட்டேங்கிறன்னு மட்டும் சொல்லு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல.”

வளையல் பெட்டியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் கேட்கும்படி, ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற அதே சமனான குரலில் இசக்கியம்மாள் சொன்னாள்.

“எங்கம்மா என்னை வயித்துல சுமந்துக்கிட்டு இந்த வீட்டுக்கு நெல்லுக்கட்டு சுமந்தா. ஏழு மாசம். முன்கூடத்துல விருந்து நடக்கு. கொல்லைவாசல்ல நின்னு தண்ணி கேட்டிருக்கா. மேல படியில நின்னுக்கிட்டு, செம்பு கையில பட்டுரக் கூடாதுன்னு தூக்கி ஊத்துனாங்க. பாதி மூஞ்சியில, பாதி மண்ணுல. எங்கம்மா ஏந்தின கையைக் கவுத்திட்டா. கவுத்திட்டு வயித்தப் பாத்துச் சொன்னா, ‘உள்ள கிடக்கிறவளே, கேட்டுக்கோ, இந்த வீட்டுத் தண்ணி உன் நாக்குல படக்கூடாது’ன்னு. பொறந்த பிறவும் சொன்னா. சாகும்போதும் சொன்னா.”

மீன்காரர் மீன்பெட்டியின் மேல் தன் துண்டை எடுத்துப் போட்டு மூடினார். கூட்டத்தில் பாதிப்பேரின் அம்மாக்களும் அதே கொல்லைவாசலில் நின்றவர்கள்தான். மீதிப்பேர் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடும் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டு, தனக்குப் புரிந்த அளவில் ஒரு காரியம் செய்தது. கொல்லைவாசல் கதவு கிரீச்சென்று தானாகத் திறக்கிற சத்தம் கேட்டு எல்லாரும் பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடிப் போய்ப் பார்த்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் எண் போட்டு வைத்திருந்த பித்தளைச் செம்பு படிக்கு மேலே அந்தரத்தில் சாய்ந்து நின்று, கீழே தேய்ந்த தரையில் தண்ணீரை நூலாக ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவுக்குத் தர வேண்டியதை அவளுக்குத் தந்துவிட்டால் சரியாகிவிடும் என்று அது நினைத்திருக்க வேண்டும்.

இசக்கியம்மாளுக்கு அதுவரை இருந்தது எரிச்சல். இப்போது வந்தது கோபம்.

“அதே படி! அதே செம்பு!” என்று கத்தினாள். “இத்தனை வருஷம் கழிச்சும் உனக்கு இதுதான் தெரியுதா? யாரு வந்தாலும் சோறு போட்ட வீடாம்! யாரு யாரை எந்த வாசல்ல நிறுத்துனேன்னு உனக்குத் தெரியாதா? நீ போடுறதை நாங்க வாங்கணும். எங்க கையால நீ ஒரு வாய் வாங்கியிருக்கியா?”

கேட்ட கேள்வி அவளுக்கே திரும்ப வந்து காதில் விழுந்ததுபோல, அவள் சட்டென்று நின்றாள். பிறகு விறுவிறுவென்று காருக்குப் போய், பின்கதவைத் திறந்து, தூக்குச்சட்டிகளை இரண்டு கைக்குமாக எடுத்துக்கொண்டு, இலைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக நடந்தாள்.

“அக்கா, உள்ள சாப்பாடு கொண்டு போகக் கூடாது” என்றாள் வடிவு, சொல்ல வேண்டிய கடமைக்கு. சொல்லிவிட்டு, கதவின் மறுபாதியையும் திறந்துவிட்டாள்.

விருந்துக்கூடத்தின் நடுவில், பெரிய மனிதர்களுக்குப் பந்தி விரித்த அதே இடத்தில், இசக்கியம்மாள் நுனி இலையைப் போட்டாள். தண்ணீர் தெளிக்க வீட்டுத் தண்ணீரைத் தொடாமல், காரிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத் தெளித்தாள். புளிச்சோற்றை அள்ளி வைத்தாள்.

“உக்காரு” என்றாள் வீட்டைப் பார்த்து. “சாப்பிடு. சாப்பிட்டாத்தான் நான் உன் விருந்தாளியா, நீ என் விருந்தாளியான்னு பேச முடியும்.”

தூண்கள் எண்களோடு நின்றன. வாசலில் நின்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வர எவருக்கும் தைரியம் வரவில்லை. சோற்றிலிருந்து பெருங்காய வாசனை எழும்பி உத்தரத்துக்குப் போய், உத்தரத்திலிருந்து மாடிக்குப் போய், பூட்டிக் கிடந்த அறைகளுக்குள்ளெல்லாம் நுழைந்து வெளியே வந்தது. எத்தனையோ தலைமுறைக்குச் சோறு போட்ட வீடு அது. அதற்கு ஒரு வாய் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பசி என்று ஒன்று தனக்கு இருக்கிறது என்பதே அதற்கு அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ, தரைக்கடியில் எங்கோ ஆழத்தில் குடல் புரளும் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு வேர்க்கடலை காணாமல் போயிற்று. பிறகு சோறு ஓரத்திலிருந்து, கூச்சப்படுகிற பிள்ளை சாப்பிடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு கூச்சம் போயிற்று. புளிச்சோறு முடிந்ததும் அடுத்த சட்டியின் மூடி ஆடியது. இசக்கியம்மாள் எலுமிச்சைச் சோறு வைத்தாள். அது முடிந்ததும் தேங்காய்ச் சோறு வைத்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் தூண்கள் விழுங்கின, சுண்ணாம்புச் சுவர்கள் வியர்த்தன, ஓடுகள் மேலே சடசடத்தன. “கோழி கூவுமுன்ன எந்திரிச்சுக் கிண்டினதுடா பாவி, மெதுவாத் தின்னு” என்று திட்டிக்கொண்டே அவள் தயிர்ச்சோற்றையும் சட்டியைக் கவிழ்த்து வழித்துப் போட்டாள். இருமல் வந்ததுபோல் ஜன்னல்கள் அடித்துக்கொண்டபோது பாட்டில் தண்ணீரை இலையோரம் வைத்தாள். திட்டுகிற வாய் திட்டிக்கொண்டிருந்தது, பரிமாறுகிற கை பரிமாறிக்கொண்டிருந்தது.

சர்க்கரைப் பொங்கல் சட்டியின் மூடி ஆடியபோது அதன் மேல் கையை அழுத்தினாள். “இது என் பிள்ளைக்கு.”

மூடி நின்றது. இலை தானாக அசைந்து, மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் விழ, சாப்பிட்டவர் திருப்தியாகச் சாப்பிட்டால் மடிக்கிற விதமாக மடிந்தது.

பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி டம்ளர் இறங்கி வந்தது. விருந்தாளிகளில் பெரியவர்களுக்கு மட்டும் எடுக்கிற டம்ளர் அது. தரையோடு தரையாக நகர்ந்து, தளும்பத் தளும்பத் தண்ணீரோடு, உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளின் முழங்காலருகே, அவள் கைக்கு மேலேயும் இல்லாமல் எட்டாமலும் இல்லாமல் வந்து நின்றது.

அவளுக்கும் தாகமாகத்தான் இருந்தது.

“நான் குடிக்க மாட்டேன்” என்றாள், இப்போது குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “எங்கம்மா சொன்ன சொல்லு. ஆனா கவுக்கவும் மாட்டேன். இருக்கட்டும். என் மக வயித்துல ஒண்ணு இருக்கு. அது வளந்து என்னைக்காவது இந்தப் பக்கம் வந்தா, அதுகிட்டக் கேளு. குடிச்சாலும் சரி, கவுத்தாலும் சரி, அது பாடு.”

எழுந்து, காலிச் சட்டிகளை அடுக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மினி பஸ்ஸும் மீனும் வைக்கோலும் அவள் காருக்குப் பின்னால் கிளம்பின. குளத்தங்கரை போயிற்று, காற்றாலைகள் போயின, நாற்கரச் சாலை வந்தது. அதற்கப்புறம் நாற்கரச் சாலைதான் வந்துகொண்டிருந்தது. வழியில் ஏதோ ஒரு பழைய அரண்மனையின் பலகை வந்தது. மாசானம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல் தாண்டினார்.

ஆவிடைக்குளத்தில் அதற்கப்புறம் கருப்பட்டித் தட்டை எடுத்துவிட்டார்கள். கொல்லைவாசலில் நின்றவர்களின் பிள்ளைகள் ஒவ்வொரு வீடாக முறை வைத்துக்கொண்டு, குழம்போ கூழோ, முன்வாசல் வழியாகக் கொண்டுபோய் விருந்துக்கூடத்தில் இலை போடுகிறார்கள். வீடு கொஞ்சம் பருத்துவிட்டது. முன்கதவு சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது. சோறு வந்தாக வேண்டும் என்ற பழைய பிடிவாதம் போகவில்லை, ஆனால் இப்போது அது போடுவதைவிட வாங்குவதில்தான் மும்முரமாக இருக்கிறது. டம்ளர் நகர்த்திய இடத்திலேயே இருக்கிறது. வடிவு அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

அன்று வெளிச்சம் மங்கி, தெருவிளக்கு எரியுமுன், இசக்கியம்மாள் நாகர்கோவில் போய் இறங்கினாள். சம்பந்தியம்மாள் ஆசையாகச் சட்டிகளைத் திறந்து பார்த்தாள்.

“என்ன மதினி, ஒண்ணைத் தவிர எல்லாம் காலியால்லா இருக்கு?”

“வழியில ஒருத்தருக்கு ரொம்ப நாள் பசி.”

சம்பந்தியம்மாள் சட்டிகளை மறுபடி ஒவ்வொன்றாக மூடினாள். வந்திருந்தவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது, ஆகவே இருந்த சர்க்கரைப் பொங்கலை நடுவில் வைத்து, பொற்கொடியை மணையில் உட்கார வைத்தார்கள். இசக்கியம்மாள் மகளின் கையைப் பிடித்து, பச்சையும் சிவப்புமாக வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். குனிந்தபோது மகளின் வயிறு அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

“யாரும்மா அது, வழியில?” என்று பொற்கொடி மெல்லக் கேட்டாள்.

இசக்கியம்மாள் வயிற்றைப் பார்த்தாள். வாய் வரைக்கும் அவள் அம்மாவின் குரல் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, பொங்கலில் ஒரு உருண்டையை எடுத்து மகளின் வாயில் ஊட்டினாள்.